கண்டிச்சீமைக் காப்பியும் அசம்பு மலைக் காப்பியும்

காப்பிப்பொடிக் கடையில் போய் நின்றால் கடைக்காரர் முதலில் கேட்பது, "பிளாண்டேஷனா, பீபரியா?" என்பதுதான். நாகர்கோவிலிலும் அப்படித்தான், கும்பகோணத்திலும் அப்படித்தான். பீபரி என்றால் பழத்துக்குள் ரெண்டு கொட்டைக்குப் பதிலாக ஒத்தையாய் உருண்டு விளைந்தது என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். பிளாண்டேஷன் என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அது 'உயர்ந்த ரகம்', அவ்வளவுதான். ஒரு ருசிக்குத் 'தோட்டம்' என்று எப்படிப் பெயர் வந்தது, அந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள் என்று தேடிப் போனால், கடல் தாண்டி, மன்னார்க் காட்டைத் தாண்டி, கண்டி மலையில் போய் முட்ட வேண்டியிருக்கிறது. அங்கே நிற்கிறவர்கள் நம்ம ஆளுகள்.

19ஆம் நூற்றாண்டில் லண்டன் சந்தைக்குப் போன இலங்கைக் காப்பிக்கு ரெண்டு பெயர் இருந்தது. ஒன்று நாட்டுக் காப்பி, இன்னொன்று தோட்டக் காப்பி. நாட்டுக் காப்பி என்பது கண்டிச் சிங்களக் குடியானவன் வீட்டைச் சுற்றி வளர்த்த செடியில் பறித்தது. பழத்தை அப்படியே வெயிலில் காயப்போட்டு, உரலில் இடித்துத் தோலை நீக்குவான். பிரிட்டிஷ்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே, அரபு வியாபாரிகள் வழியாகத்தான் இருக்க வேண்டும், காப்பிச் செடி அங்கே வந்துவிட்டது. வந்த செடியின் கொட்டையை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. இலையைக் கறிக்குப் போட்டார்கள், பூவைப் புத்தர் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். காப்பிப் பூ மல்லிகை மாதிரி வெள்ளையாய், மணமாய் இருக்கும். டச்சுக்காரன் 18ஆம் நூற்றாண்டில் தாழ்நிலத்தில் பயிரிட்டுப் பார்த்தான், சரிப்பட்டு வரவில்லை. காப்பிக்கு மலை வேண்டும். மலை கண்டி ராஜாவிடம் இருந்தது.

1815ல் கண்டி விழுந்தது. கொஞ்ச வருசத்தில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரன் முதல் தோட்டத்தைப் போட்டான். அது 1823ஐ ஒட்டி. கவர்னராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸே பேராதனைக்குப் பக்கத்துக் கன்னொருவவில் சொந்தத் தோட்டம் வைத்துக்கொண்டார். கவர்னர் தோட்டம் போட்டால் மற்ற அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? நீதிபதி, பட்டாள அதிகாரி, பாதிரி என்று எல்லோரும் காப்பி நிலம் வாங்கினார்கள். 1840ஆம் வருசத்து முடிக்குரிய நிலச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காடும் புன்செய்யும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது. பத்திரம் எந்தக் குடியானவனிடம் இருக்கும்? ஏக்கர் 5 ஷில்லிங் என்று அள்ளிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைக் கவனிக்கணும். மேற்கிந்தியத் தீவுகளில்தான் அதுவரை பிரிட்டனுக்கு வேண்டிய காப்பி விளைந்தது. விளைவித்தவர்கள் கறுப்பு அடிமைகள். 1833ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அடிமை விடுதலையானதும் ஜமைக்காவில் காப்பி சரிந்தது. 1835ல் இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் சுங்கம் சமமாக்கப்பட்டது. 1837ல் ராபர்ட் பாய்ட் டைட்லர் என்பவர் ஜமைக்காவில் தொழில் கற்றுக்கொண்டு கண்டிக்கு வந்தார். பழத்தைத் தோலுரிப்பது, ஊறவைத்துப் பிசினைக் கழுவுவது, களத்தில் காயவைப்பது என்று முழு முறையும் அவரோடு வந்தது. இப்படிக் கழுவி எடுத்ததுதான் தோட்டக் காப்பி. நாம் கடையில் கேட்கிற பிளாண்டேஷன் இன்றைக்கும் கழுவி எடுத்த அரபிக்காதான். முறை அடிமைத் தீவிலிருந்து வந்துவிட்டது. வேலை செய்ய ஆள்? அதற்குத்தான் வெள்ளைக்காரனின் கண் கடலுக்கு இந்தப் பக்கம் திரும்பியது.

சிங்களக் குடியானவன் தோட்டத்து வேலைக்கு வரமாட்டேன் என்றான். காட்டை வெட்டிக் கொடுப்பான், வண்டி ஓட்டுவான், மணியடித்தால் வரிசையில் நிற்கிற வேலை வேண்டாம் என்றான். அவனிடம் கொஞ்சமாவது நிலம் மிச்சமிருந்தது, அதனால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிச் சேரிகளில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்ல எதுவும் மிச்சமில்லை. பண்ணையாளாகப் பிறந்து, அப்பன் வாங்கிய கடனுக்கு உழைத்து, அதே கடனை மகனுக்கு விட்டுவிட்டுச் சாகிற வாழ்க்கை. கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்பது மேல்சாதிக்காரன் பயம். கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தவர்கள் கங்காணிக்குப் பின்னால் கிளம்பிவிட்டார்கள்.

ராமேசுவரம் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரைக்குப் போய் இறங்குவார்கள். அங்கேயிருந்து மாத்தளை வரைக்கும் 150 மைல் நடை. வழியில் ஊர் கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. மலேரியா காடு. கூட்டத்தில் ஒருவனுக்குப் பேதி கண்டால் வழியிலேயே விட்டுவிட்டு நடப்பார்கள். 1849ல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது: 1841இலிருந்து அதுவரை வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, 70,000 பேர், செத்துப்போனார்கள். கணக்கு கூடுதல் என்று துரைமார் பக்கம் நின்று யாராவது வாதாடலாம். பாதியாக்கிக்கொள்வோம். 35,000 பேர். அவர்களில் ஒருத்தருக்கும் பெயர் இல்லை, கல்லறை இல்லை. அதே மலைகளில் காய்ச்சலில் செத்த துரைமாருக்குக் கல்வெட்டோடு கல்லறை இருக்கிறது.

இலங்கைக் காப்பியைப் பற்றி எழுதுகிறவர்கள் வட்டாரம் வட்டாரமாக ருசி சொல்லுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. உயரம் கூடக்கூடப் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், காப்பியில் புளிப்பும் மணமும் ஏறும். தாழ்ந்த சூட்டு நிலத்தில் சீக்கிரம் பழுத்துச் சப்பென்று இருக்கும். தும்பறைப் பள்ளத்தாக்கு அப்படித் தாழ்ந்த இடம். தோட்டங்கள் முதலில் செழித்த இடங்களில் ஒன்று. அதற்கு மேலே புசல்லாவை, இறம்பொடை, கொத்மலை. புசல்லாவையில் ரோத்சைல்ட் குடும்பத்துச் சொந்தக்காரர்களான வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841ல் போட்ட தோட்டத்துக்கு ரோத்சைல்ட் என்றே பெயர். 1860களுக்குப் பிறகு டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என்று நாலாயிரம் அடிக்கு மேலே காட்டை அழித்து ஏறினார்கள். சிவனொளிபாதமலையின் அடிவாரம் வரைக்கும் காப்பி போயிற்று. மலையின் கிழக்குப் பக்கம் ஊவா: பதுளை, அப்புத்தளை, மடுல்சீமை. மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவத்தில் நனையும், ஊவா வடகிழக்குப் பருவத்தில் நனையும். அங்கே புல்வெளியும் காய்ந்த காற்றும். ஊவாக் காப்பிக்குச் சந்தையில் நல்ல பேர்.

சரி, இது குடித்தவன் நாக்கில் இருந்த வரைபடம். பறித்தவர்களுக்கு வேறொரு வரைபடம் இருந்திருக்கும். தும்பறை என்றால் காய்ச்சல். டிக்கோயா, மஸ்கெலியா என்றால் குளிரும் அட்டையும். சமவெளி வெயிலில் இடுப்புத் துணியோடு வேலை செய்து பழகிய உடம்பு அது. மழையில் நனைந்தபடி நாளெல்லாம் நிற்கணும். ஒரு கம்பளி கொடுப்பார்கள், அதன் விலையைக் கூலியில் பிடிப்பார்கள். அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் வரும், அதையும் கூலியில் பிடிப்பார்கள். அப்புத்தளை என்றால் காற்று. உயரத்தில் காப்பிக்கு மணம் ஏறுகிறது என்றால், அந்த உயரத்துக்குக் கூடையோடு ஏறிய கால் யாருடையது என்பதும் அந்த மணத்தில் சேர்த்தி. இன்னொன்றும் உண்டு. செங்காயும் கருங்காயும் கலந்தால் காப்பி கெட்டுவிடும், நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாய் விரலால் கிள்ளி எடுக்கணும். ஒரே கொப்பில் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே இருக்கும். அதனால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வரணும். 'தோட்டக் காப்பி'யின் ருசி என்று லண்டன்காரன் கூடுதல் காசு கொடுத்தது இந்த விரல்களுக்குத்தான். காசு விரலுக்குப் போகவில்லை.

மலையில் களத்தில் காய்ந்த காப்பி, மேல் தோட்டோடு மாட்டுவண்டியில் கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புக்கு இறங்கும். 1867ல் கண்டி ரயில் வந்த பிறகு ரயிலில். கொழும்புக் கிட்டங்கிகளில் தோட்டை நீக்கி, புடைத்து, உடைந்தது, கறுத்தது என்று ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கியவர்கள் பெண்கள். 1870ஐ ஒட்டி வருசத்துக்குப் பத்து லட்சம் அந்தர் காப்பி கப்பலேறியது. பிரேசிலுக்கும் ஜாவாவுக்கும் பக்கத்தில் வைத்துப் பேசுகிற அளவுக்கு இலங்கை வளர்ந்தது. 1878ல் தோட்டப் பரப்பு 2,75,000 ஏக்கர்.

கங்காணி பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கம்பெனிக்காரன் கூலியிடம் நேராகப் பேசுவதில்லை. பெரிய கங்காணி ஊருக்கு வந்து ஆள் பிடிப்பான், முன்பணம் கொடுப்பான், பண்ணையார் கடனை அடைப்பான். அந்தக் கடன் இப்போது கங்காணி கடன். ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்கு அவனுக்குப் பென்ஸ் காசு. கடையும் அவனுடையது. கூலி ஓடிப்போனால் 1865ஆம் வருசச் சட்டப்படி ஜெயில். ஒப்பந்தத்தை மீறுவது கிரிமினல் குற்றம் என்று வைத்திருந்தார்கள். துரை மாசக்கணக்கில் கூலி பாக்கி வைத்தால் அதற்கு ஜெயில் கிடையாது.

பெரிய கங்காணிகளில் நிறையப் பேர் வெள்ளாளர், கள்ளர், அகமுடையார், ரெட்டியார். அவர்களுக்குக் கீழே போனவர்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ பறையரும் பள்ளரும் சக்கிலியரும். நம்ம சாதிகளிலும் கங்காணிகள் இருந்தார்கள், இல்லை என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. சாதி கடலில் கரைந்துவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் லயத்தைப் பார்த்ததும் தெளிந்திருக்கும். குடியானவர் லயம் ஒரு பக்கம், பள்ளர் லயம் ஒரு பக்கம், பறையர் லயம் ஒரு பக்கம். பீலித் தண்ணீரில்கூட முதலில் யார் என்ற வழக்கு. பெரட்டுக்கு ஆளை எழுப்ப விடியுமுன் தப்படிக்கிற வேலை பறையனுக்கு. ஊரில் சாவுக்கு அடித்த தப்பு அங்கே துரைக்கு மணியாயிற்று. துரைக்குச் சாதி பற்றித் தத்துவம் ஒன்றும் கிடையாது. ஆள் ஒழுங்காய் வரிசையில் நிற்கச் சாதி உதவுகிறதா, சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

1869ல் ரெண்டு காரியம் நடந்தது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. காடு வெட்டுவதிலிருந்து பழம் பறிப்பது வரைக்கும் கும்மிப் பாட்டாக. மலையகத் தமிழ் இலக்கியத்தின் முதல் வரிசையில் அதை வைக்கிறார்கள், வைக்கட்டும். ஆனால் அது கூலியை மேலிருந்து பார்க்கிற பாட்டு. கும்மி என்ற வடிவம் நம்ம பெண்களுடையது, பேசுகிற குரல் மேற்பார்வைக்காரருடையது. அதே 1869ல் மடுல்சீமையில் காப்பி இலைக்கு அடியில் காவி நிறத்தில் ஒரு பொடி தெரிந்தது. இலைத்துரு. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாதிச் சொல்லுக்கு 'பாழாக்குகிறவள்' என்று பொருள். துரைமார் முதலில் சட்டை செய்யவில்லை, இன்னும் உயரமாய் ஏறி இன்னும் காடு வெட்டினார்கள். 1880ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானி வந்து ரெண்டு வருசம் இருந்து ஆராய்ந்தார். காற்றில் பறக்கிற வித்து, அது பறந்து போய் விழுகிற இடமெல்லாம் அதே செடி, மைல் கணக்கில் வேறு மரமே கிடையாது, பிறகு எப்படி நிற்கும் என்பது அவர் கண்டது. 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் பாங்கு விழுந்தது. தோட்டக்காரன் ஏலத்தில் போனபோது கூலி பாக்கியைக் கடைசியில் வைத்தார்கள். கூலிதான் தோட்டத்தின் முதல் கடன் என்று அதே வருசம் சட்டம் செய்ய வேண்டிவந்தது என்றால், அதுவரை எத்தனை பேர் வெறுங்கையோடு மன்னாருக்குத் திரும்ப நடந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி செத்த மலையில் தேயிலை ஏறியது. சரித்திரப் புத்தகங்கள் இதைப் பயிர் மாறிய கதையாக முடித்துவிடும். நம்ம சனங்களுக்கு அது வாழ்க்கை மாறிய கதை. காப்பி பருவப் பயிர். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்கும் பறிப்பு, முடிந்தால் பெரும்பாலானவர்கள் ஊருக்குத் திரும்பலாம். ஆரம்பத்தில் போனவர்களில் பெண்கள் வெகு குறைவு. தேயிலைக்குக் கொழுந்து வருசம் பூராவும் துளிர்க்கும், வருசம் பூராவும் கை வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளும் குடும்பத்தோடு வேண்டும். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் ஊரும் காலியானது. 1877ல் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கடல் தாண்டினார்கள். பத்தடிக் காம்பராவில் குடித்தனம், கடனுக்குத் துண்டுச் சீட்டு, அங்கேயே பிறப்பு, அங்கேயே சாவு. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921ல்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெருமையாய்ச் சொல்வார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் அந்த நெல்லை விளைவித்தவர்கள் அடிமைகள். இது உவமை இல்லை, விலை போட்டு ஓலை எழுதி விற்கப்பட்ட அடிமைகள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் நெல்லும் நிலமும் கை மாறிய மாதிரியே மனுசர்கள் கை மாறிய கணக்கு இருக்கிறது. கவிமணி அந்த ஓலைகளைப் பார்த்தார், பின்னால் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர். சனத்தொகையில் எட்டில் ஒரு பங்கு. 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்று சொல்லணும். தான் தின்கிற சோற்றைக்கூடச் சோறு என்று சொல்லக் கூடாது. மயிலாடிச் சாம்பவரான மகாராசன் வேதமாணிக்கம் 1806ல் ரிங்கல்தௌபே பாதிரியை அழைத்து வந்ததற்குப் பின்னாலும் இந்த மூச்சுமுட்டல்தான் இருக்கிறது.

1855ல் மகாராஜா விளம்பரம் போட்டு அடிமைகளை விடுவித்தார். நிலம் கொடுக்கவில்லை. விடுதலையான ஆளுக்குப் போகிற இடம் எது? ஒன்று, பழைய ஏமானிடமே திரும்பப் போகலாம். இன்னொன்று, கண்டிச்சீமை. 1860-61ல் தென் திருவிதாங்கூரில் மழை பொய்த்துப் பஞ்சமும் பேதியும் வந்தபோது சபைச் சனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். மூன்றாவதாக ஒரு இடம், வீட்டுக்குப் பின்னாலேயே திறந்தது. அசம்பு மலை.

திவான் மாதவராவ் காலத்தில், 1860களில், திருவிதாங்கூர் அரசாங்கம் மலைக்காட்டை வெள்ளைக்காரருக்குக் காப்பி போடக் கொடுத்தது. அதற்கு முன்பே ரெசிடெண்ட் கல்லன் காப்பியை ஊக்குவித்திருந்தார். பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் பக்கமிருந்து ஏறினால் கீரிப்பாறை, காளிகேசம், மாறாமலை, பாலமோர். காணிக்காரர்களின் காடும் இதே மலைத் தொடர்தான், அவர்களை யாரும் கேட்கவில்லை. கண்டியில் செய்த அத்தனையும் இங்கேயும்: காட்டை மொட்டையடி, தீ வை, குழி எடு, லயம் கட்டு. 1855ல் விடுதலை, 1860களில் தோட்டம். ஜமைக்காவில் 1833, கண்டியில் 1837. ரெண்டு இடத்திலும் அடிமை விடுதலைக்குப் பின்னாலேயே கூலி லயம் வருகிறது. தற்செயல் என்று நான் நம்பவில்லை. அதே சமயம் இன்னொன்றையும் சொல்லணும். மலையில் துரை கொடுத்தது காசு, வயலில் ஏமான் கொடுத்தது நெல்லும் அடியும். கையில் காசு பார்த்தவன் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டினான், பிள்ளையை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். தோட்டம் ஒரு கொத்தடிமைக்கூடம், ஆனாலும் பண்ணையிலிருந்து தப்ப ஒரு வாசல். ரெண்டும் உண்மை. ரெண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் நமக்கு வசதியாக இருக்கும், அவ்வளவே.

கண்டியைத் தின்ற துரு கடல் தாண்டி அசம்பு மலையையும் தின்றது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே காப்பிக்காலம் போய்விட்டது. பிறகு தேயிலை, அப்புறம் ரப்பர், மேலே மாறாமலையில் கிராம்பு. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மண்ணுக்கும் மூடுபனிக்கும் அதில் பங்கு சொல்கிறார்கள். மரமேறி மொட்டுப் பறிக்கிறவர்களைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

காப்பியை விளைவித்தவன் காப்பி குடித்தானா? அந்தக் காலத்தில் எங்க பக்கத்துச் சேரிகளில் காப்பி என்றால் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, பாதி நாள் அதில் காப்பிப்பொடியே கிடையாது, சுக்கும் மல்லியும்தான். டிகிரி காப்பி ஐயர் ஓட்டலில். அந்த ஓட்டல்களில் பஞ்சமருக்கு இடமில்லை என்று பலகை தொங்கிய காலம் உண்டு. பறித்த கை தொடாத கொட்டை இல்லை. வறுத்து, அரைத்து, பாலூற்றியதும் தீட்டுப் பார்க்கிற பானமாகிவிட்டது. தேநீர்க் கடைக்கு வந்தபோது அது ரெட்டைக் குவளை ஆயிற்று. தமிழில் காப்பி வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த ஓட்டலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொஞ்சம் மேலே, மலையில் ஏறித் தொடங்கலாம்.

கண்டிச்சீமைக்குப் போனவர்களின் கதை அங்கேயே முடியவில்லை. 1948ல் இலங்கை சுதந்திரம் வாங்கிய வருசமே குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தம் ஆகி ரெண்டு மாசத்துக்குள் புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் போயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? கீரிப்பாறையும் காளிகேசமும் கோதையாறும் சிற்றாறும். வனத்துறை 1961ல் தொடங்கிய ரப்பர்த் தோட்டங்கள்தான் 1984ல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம் ஆயிற்று. காப்பிக்காகக் கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகள், காப்பி நின்ற இதே மலையில், மறுபடியும் லயத்தில். கூலி உயர்வு கேட்டு அவர்களும் உள்ளூர்த் தொழிலாளிகளும் சேர்ந்து பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்.

இலங்கையில் இருந்துவிட்டவர்கள் 2023ல் மலையகம் 200 என்று நினைவு கொண்டாடினார்கள். ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து கிளம்பி, முன்னோர் நடந்த தடத்தில் நடந்து, ஆகஸ்டில் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நுவரெலியா, கண்டி மலைகளில் இப்போது மறுபடி அரபிக்காக் காப்பி போடுகிறார்கள், பெரும்பாலும் சிறு விவசாயிகள். கொழும்புக் காப்பிக் கடைப் பலகைகளில் எந்த மலை, எத்தனை அடி உயரம், எந்தப் பழத்தின் மணம் என்று எழுதிவைக்கிறார்கள்.

இங்கே குமரி மாவட்டத்தில் தாயகம் திரும்பியவர்களை ஊர்க்காரர்கள் 'சிலோன்காரன்' என்றே சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் பூர்வீகம் எந்த ஊர், எந்தத் தாலுகா, ஆதாரம் என்ன என்று கேட்டு அலைய விடுவது பல குடும்பங்களின் அனுபவம். பூட்டன் எந்தச் சேரியிலிருந்து எந்தக் கங்காணியோடு எந்த ராத்திரியில் கிளம்பினான் என்பதற்கு எந்த ஆபீசில் ஆதாரம் இருக்கும்? லயத்தில் எந்த வரிசையில் காம்பரா கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளக் கங்காணிக்கு ஒரு காகிதமும் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், மஸ்கெலியாவில் பிறந்தவர், பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காக அந்தக் காகிதத்தைக் கேட்டு மூன்று வருசம் நடந்தார். பழைய பாஸ்போர்ட்டு, குடும்பக் கார்டு, முகாமில் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். மூன்றாவது வருசம் சான்றிதழ் வந்தது. பேத்தி அதற்குள் தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள்.